கடுதாசிப் பட்டறை: ஆலை போனது, பெயர் நின்றது

கைவிடப்பட்ட ஆலைகளைத் தேடிப்போய்ப் படம் பிடிப்பது இப்போது ஒரு தனி மோகம். பாசி படிந்த சுவர், உடைந்த கண்ணாடிச் சன்னல், துருவேறிய உருளை, கூரையைப் பிளந்து வளர்ந்த ஆலமரம். இந்த நான்கும் இருந்தால் போதும், படம் நன்றாக வந்துவிடும். ஆனால் தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டிய ஒரு காகித ஆலை இருக்கிறது. அங்கே இப்படிப் படம் பிடிக்க எதுவும் இல்லை. மிஞ்சியிருப்பது ஓர் இடப்பெயர் மட்டும்தான்: கடுதாசிப் பட்டறை.

இடம் பொறையாறு. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக் கடற்கரையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் சிற்றூர். 1715, 1716 வாக்கில் அங்கே காகிதம் செய்ய ஓர் ஆலை கட்டினார்கள். நீராவி எந்திரம் ஆலைகளுக்குள் நுழையாத காலம் அது. ஆகவே புகைபோக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஆலை நீண்ட நாள் ஓடவும் இல்லை. ஆனால் ஊர் மக்கள் வைத்த பெயர் முந்நூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

தமிழ் அச்சு வரலாறு என்று பேச ஆரம்பித்தால் நாம் எழுத்தைப் பற்றித்தான் பேசுவோம். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறே பக்கம், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார். பிறகு தரங்கம்பாடி, சீகன்பால்கு. எந்த எழுத்தை யார் வார்த்தார், எந்த ஊரில் வார்த்தார், புள்ளி இருந்ததா இல்லையா என்றெல்லாம் விவாதிப்போம். அந்த எழுத்துகள் எதன் மேல் பதிந்தன? அந்தத் தாள் எங்கிருந்து வந்தது? அதை யார் செய்தார்கள்? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கடுதாசிப் பட்டறைக்குப் போக வேண்டிய காரணம் இதுதான்.

எழுத்தைச் சிறிதாக்கிய தாள்

தரங்கம்பாடி 1620 முதல் டேனியர்கள் கையில் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு அங்கே கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார்.

மணலுக்கு அடுத்தது ஓலை. சம்பளம் கொடுத்து ஏடெழுதுகிறவர்களை வைத்துக்கொண்டார். ஊர் ஊராக ஆள் அனுப்பி ஏடுகள் வாங்கினார். கணவரை இழந்த பிராமணப் பெண்களிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கிய ஏடுகளும் அதில் உண்டு. 1708-ல் தன்னிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தமிழ் வாசகர் கையில் என்னென்ன கிடைத்தன என்று காட்டும் அரிய ஆவணம் அது.

ஓலையில் எழுதிப் பள்ளிக்கூடம் நடத்த முடியும். ஆனால் மெதுவாகத்தான் நடக்கும். ஒரு நூலுக்கு ஐம்பது பிரதி வேண்டுமென்றால் ஐம்பது தடவை எழுத வேண்டும். ஆகவே அச்சு வேண்டும் என்று ஐரோப்பாவுக்கு எழுதினார்கள். லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்துவ அமைப்பு ஓர் அச்சு இயந்திரத்தையும், அதை ஓட்ட யோனாஸ் ஃபிங்க் என்ற ஆளையும் கப்பலேற்றி அனுப்பியது. போகும் வழியில், பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் மீண்டு பயணத்தைத் தொடர்ந்தபோது ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் மட்டும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. அச்சுத் தொழில் கொஞ்சம் தெரிந்த ஒரு படைவீரரைத் தேடிப் பிடித்து ஓட்டினார்கள். முதலில் போர்த்துக்கீசிய மொழியில்தான் அச்சடிக்க முடிந்தது.

தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு 1713-ல் வந்தன. அவற்றோடு எழுத்து வார்க்கும் தொழிலாளி யோஹான் காட்லீப் ஆட்லரும் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால் புதுச் சிக்கல். எழுத்துகள் மிகப் பெரியவை. நம் எழுத்தைப் பழக்கமில்லாத கை செதுக்கினால் சின்னதாகச் செதுக்குவது கஷ்டம். அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் கையிலிருக்கும் தாள் போதவே போதாது. தாளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும்; பல மாதப் பயணம், வந்தால்தான் நிச்சயம்.

ஆட்லர் பொறையாறில் பட்டறை போட்டு, சிறிய தமிழ் எழுத்துகளைப் புதிதாக வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பொதிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கித்தான் வார்த்தார் என்று ஒரு கதை உண்டு. 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயின.

இந்தச் சம்பவத்தை எல்லா வரலாற்று நூல்களும் ‘எழுத்து’ அத்தியாயத்தில்தான் வைக்கின்றன. எனக்கு அது ‘தாள்’ அத்தியாயம். தமிழ் எழுத்தின் அச்சு உருவம் சின்னதானது அழகுக்காக அல்ல, தாளை மிச்சம் பிடிக்க. சரி, எழுத்தைச் சிறிதாக்கியாயிற்று. அடுத்தது? தாளையே இங்கே செய்துவிட்டால் என்ன?

ஓர் ஆலைக்கு என்னென்ன வேண்டும்?

1714 இறுதியில் சீகன்பால்கு ஐரோப்பா கிளம்பிவிட்டார். மிஷனைப் பார்த்துக்கொண்டவர் யோஹான் எர்ன்ஸ்ட் கிருண்ட்லர். டேனிஷ் ஆளுநரின் ஆதரவோடு காகித ஆலை வேலை அவர் பொறுப்பில்தான் நடந்தது. எழுத்து வார்ப்புப் பட்டறை, மை காய்ச்சுவது, புத்தகம் கட்டுவது எல்லாம் ஏற்கெனவே கைக்குள் இருந்தன. தாள் மட்டும் வந்துவிட்டால் ஒரு தமிழ்ப் புத்தகம் முழுக்க முழுக்கக் காவிரிக் கரையிலேயே பிறந்துவிடும். திட்டம் சின்னதல்ல.

ஏன் நிலைக்கவில்லை? அந்தக் காலத்துக் காகித ஆலைக்கு என்னென்ன தேவை என்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பொறையாறில் வைத்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் கந்தல். மரக்கூழில் காகிதம் செய்யும் வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதுவரை ஐரோப்பாவில் காகிதம் என்றால் பழந்துணி. கிழிந்த லினன் சட்டை, போர்வை, பாய்மரத் துணி எல்லாவற்றையும் தெருத்தெருவாகப் பொறுக்கி ஆலைக்கு விற்க ஒரு கூட்டமே இருந்தது. பொறையாறைச் சுற்றி நெசவு உண்டு, துணியும் உண்டு. கந்தல் உண்டா? நம் வீடுகளில் ஒரு வேட்டி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். வேட்டி துண்டாகும், துண்டு தூளியாகும், தூளி கைப்பிடித் துணியாகும், கடைசியில் விளக்குத் திரியாக எரிந்தே போகும். ஆலைக்கு அனுப்ப மிச்சம் ஏது?

இரண்டாவது ஓடும் தண்ணீர். கந்தலை ஊறவைத்து அழுகவிட்டு, பெரிய மர உலக்கைகளால் மணிக்கணக்கில் இடித்துக் கூழாக்க வேண்டும். அந்த உலக்கைகளை ஐரோப்பாவில் ஓட்டியது நீர்ச்சக்கரம். சக்கரம் சுழல ஆறு சரிவில் இறங்க வேண்டும். காவிரி டெல்டா கைத்தலம் போலத் தட்டை. கோடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும்; ஐப்பசி கார்த்திகையில் ஊரே வெள்ளக்காடு. கடலோரம் என்பதால் தண்ணீரில் உப்பு வேறு.

மூன்றாவது பசை. கூழைச் சல்லடை அச்சில் அள்ளி, உலுக்கி, கம்பளித் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, கொடியில் உலர்த்தினால் தாள் வந்துவிடும். ஆனால் அதில் எழுதினால் மை ஊறிப் பரவும். ஆகவே தோல் காய்ச்சிய பசையில் முக்கி மறுபடியும் உலர்த்துவார்கள். குளிர்ந்த நாட்டு வித்தை அது. தரங்கம்பாடிப் புழுக்கத்தில் தோல்பசை எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

நான்காவது பணமும் ஆளும். கோபன்ஹேகனில் மிஷனை நிர்வகித்தவர்களுக்கு இந்தக் கட்டடம், பட்டறை, ஆலை எதுவும் பிடிக்கவில்லை. அப்போஸ்தலர்களைப் போலக் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்ய வேண்டியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்பது அவர்கள் பார்வை. 1716-ல் திரும்பி வந்த சீகன்பால்கு அந்தக் கடிதங்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனார். 1719 பிப்ரவரியில் இறந்தார், வயது 36. அடுத்த ஆண்டு மார்ச்சில் கிருண்ட்லரும் போய்விட்டார்.

இத்தனையும் சேர்ந்த இடத்தில் ஓர் ஆலை நின்றுபோவது அதிசயமில்லை. அதைக் கட்டத் துணிந்ததுதான் அதிசயம்.

இந்தியாவுக்குக் காகிதம் புதிது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காஷ்மீர், அகமதாபாத், தௌலதாபாத் பகுதிகளில் ‘காகஸி’ என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் காகிதம் செய்துவந்தார்கள். நீர்ச்சக்கரம் இல்லாமல் காலால் மிதித்து இயக்கும் உலக்கை, லினனுக்குப் பதில் பழைய சணல் கயிறும் சாக்கும், தோல்பசைக்குப் பதில் கஞ்சிப் பசை என்று இந்த மண்ணுக்கேற்ற வழி அவர்களிடம் இருந்தது. தமிழ்நாட்டில் அந்தத் தொழில் அப்படி வேரூன்றவில்லை. வீட்டுக்கு வீடு பனைமரம் நிற்கும்போது யார் கந்தலை இடிப்பார்கள்?

டேனியர்களுக்கு வங்காளத்தில் இன்னோர் ஊர் இருந்தது: செராம்பூர். அங்கும் ஒரு மிஷன், அங்கும் ஓர் அச்சுக்கூடம், அங்கும் ஒரு காகித ஆலை. ஆனால் காலம் நூறு ஆண்டு நகர்ந்திருந்தது. உள்ளூர்க் காகிதத்தின் கஞ்சிப் பசையைப் பூச்சிகள் விரும்பித் தின்றதால், பூச்சி அரிக்காத தாள் செய்வதே அவர்கள் குறி. தொடக்கத்தில் மனிதர்கள் ஏறி மிதிக்கும் சக்கரத்தால் ஆலையை ஓட்டினார்கள். அதில் ஒரு தொழிலாளி விபத்தில் இறந்த பிறகு, 1820-ல் இங்கிலாந்திலிருந்து நீராவி எந்திரம் தருவித்தார்கள். பொறையாறில் ஆறு செய்யாததைச் செராம்பூரில் நீராவி செய்தது. ‘செராம்பூர்க் காகிதம்’ என்று பெயரும் எடுத்தது. தரங்கம்பாடி, செராம்பூர் இரண்டையும் 1845-ல் டேனியர்கள் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

ஒரு சொல்லின் கப்பல் பயணம்

தமிழில் காகிதத்துக்கு மூன்று சொற்கள் உண்டு. தாள் என்பது நம்முடையது. அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் நெல்லின் அடித்தண்டுக்கும் அதே பெயர்தான். காகிதம் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தது. கடுதாசி கடல் வழியாக வந்தது.

போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடலைக் கைப்பற்ற முயன்றபோது, எல்லா வணிகக் கப்பலும் தங்களிடம் காசு கட்டி ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல். அந்தச் சீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கார்த்தாஸ்’. தமிழ் லெக்சிகன் நம் கடுதாசியை இந்தச் சொல்லோடுதான் சேர்க்கிறது. கார்த்தாஸ் என்பதோ அரபியின் ‘கிர்தாஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதே கிர்தாஸ் முஸ்லிம் வணிகர்களோடு கிழக்கே வந்து மலாயில் ‘கெர்தாஸ்’ ஆயிற்று. பள்ளியில் தினமும் நாம் சொன்ன கெர்தாஸும், தோட்டத்திலிருந்து தாத்தா பாட்டி ஊருக்குப் போட்ட கடுதாசியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் ‘கடதாசி’ என்றுதான் சொல்கிறார்கள்.

பொறையாற்று மக்கள் ஜெர்மானியர் கட்டி, டேனியர் ஆதரித்த ஆலைக்கு, அரபியில் தொடங்கிப் போர்த்துக்கீசியம் வழியாக வந்த சொல்லைத் தமிழ்ப் பட்டறையோடு ஒட்டிப் பெயர் வைத்தார்கள். சும்மா வைத்த பெயர்தான். ஆனால் ஒரு கடலின் வரலாறே அதற்குள் இருக்கிறது.

அதே காவிரியில் மேலே போனால் கரூர் மாவட்டத்தில் இன்னொரு பெயர்: காகிதபுரம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை இருக்கும் இடம். 1979-ல் தொடங்கிய நிறுவனம், 1984-ல் உற்பத்திக்கு வந்தது. மூலப்பொருள் கந்தலுமில்லை, காட்டு மரத்தை மட்டும் நம்பியதுமில்லை, கரும்புச் சக்கை. காவிரிக் கரையில் மலிவாகவும் மலைமலையாகவும் கிடைப்பது எதுவோ அதிலிருந்து தாள் செய்ய வேண்டும் என்ற விடைக்கு வந்து சேர 270 ஆண்டுகள் ஆயின.

எது தாள் ஏறும், எது ஏறாது

தாள் குறைவாக இருக்கும்போது எதை அச்சடிப்பது என்ற முடிவு கனமாகிறது. சீகன்பால்கு 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். தமிழர்களிடமே கேட்டும் கடிதம் வழி எழுதி வாங்கியும் திரட்டிய செய்திகள். ஹாலேயின் தலைவர் ஃபிராங்கே அதை அச்சிட மறுத்தார். உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற நிலை. அந்த நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டு தாமதம்.

ஆனாலும் அது பிழைத்தது. காரணம், கையெழுத்தாகக் காகிதத்தில் இருந்தது, ஐரோப்பியக் குளிரில் பத்திரமாகக் கிடந்தது. அவர் சேர்த்த ஓலைச் சுவடிகளின் கதை அப்படியில்லை. அந்தச் சேகரிப்பு பெரும்பாலும் சிதறி அழிந்தது. 1708-ல் எழுதிய பட்டியல் மட்டும் லண்டனிலும் ஹாலேயிலும் மிஞ்சியிருக்கிறது. ஓலைக்கு ஆயுள் குறைவு என்பதல்ல விஷயம். ஓலையை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதுவதற்கு ஆள் இல்லாத ஏடு, செல்லரித்து முடிந்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிட்டுப் போக நமக்கு வசதியில்லை. 1715-ல் அச்சான தரங்கம்பாடி நூல்களின் பிரதிகள் ஐரோப்பிய நூலகங்களில் இன்றும் இருக்கின்றன. அவை கந்தல் காகிதம். பருத்தி, லினன் நார் நீளமானது, முந்நூறு ஆண்டு தாங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்த மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் கலந்திருக்கிறது. அது வெளியே இருந்து பூச்சி வராமலேயே உள்ளிருந்து தன்னைத் தானே தின்றுகொள்ளும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு விரல் பட்டால் அப்பளம்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வந்தது 1887-ல். ‘தமிழ் முரசு’ தொடங்கியது 1935-ல். மலாயாவின் நாளிதழ்கள், ஞாயிறு பதிப்புச் சிறுகதைகள், போட்டி மலர்கள், ஆசிரியர்கள் தம் காசைப் போட்டு ஐந்நூறு பிரதி அடித்த தொகுப்புகள், சங்கங்களின் ஆண்டுமலர்கள் எல்லாமே இந்த அமிலத் தாள் காலத்துக் குழந்தைகள். அதிலும் கிடைத்ததில் மலிவான தாள். அதாவது, மலேசிய சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தின் பெரும்பகுதி சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டைவிட மோசமான தாளில் உட்கார்ந்திருக்கிறது. 1960-களின் ஒரு சிறுகதைத் தொகுப்பு 1715-இன் புத்தகத்துக்கு முன்னால் செத்துப்போகும். ஓலை மறுபடி எழுதப்பட வேண்டியிருந்ததைப் போலவே இதுவும் மறுபடி எடுக்கப்பட வேண்டும்.

சிங்கப்பூர் இதில் கொஞ்சம் முந்திக்கொண்டது. தேசிய நூலக வாரியத்தின் இணையத்தில் பழைய தமிழ் முரசைப் புரட்ட முடிகிறது. நாட்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டித் தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் திட்டமும் நடந்தது. நம் பக்கம் எத்தனையோ நூல்களுக்கு ஒரு மூத்த எழுத்தாளர் வீட்டு அலமாரிதான் கடைசி முகவரி. அவருக்குப் பின் வீட்டை ஒழிக்கும்போது அந்த அலமாரி எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும்.

மின்வடிவம் வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. இணைய இதழுக்குத் தாள் வேண்டாம், வாடகை வேண்டும். ஒரு வருடம் கட்டாவிட்டால் இதழே காணாமல் போகும். கிருண்ட்லருக்குக் கந்தல், நமக்கு வாடகை. எழுத்து எப்போதும் வேறொருவர் தயவில் இருக்கும் ஏதோ ஒரு பொருளின் மேல்தான் நிற்கிறது.

பொறையாறு ஆலையின் இடிபாட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. ஆலையின் இடிபாடு புத்தகத்துக்குள் இருக்கும். பழைய கைக்காகிதத் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதைச் செய்த சல்லடையின் கம்பி வரிகள் தெரியும். பல தாள்களில் செய்த ஆலையின் நீர்க்குறியும் தெரியும். அதேபோல வீட்டிலிருக்கும் பழைய மலாயாத் தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் மெதுவாகத் திறந்து பாருங்கள். ஓரம் உதிர்கிறதா? அப்படியானால் அந்தப் பக்கம் உங்களிடம் வேலை கேட்கிறது. ஒரு கைத்தொலைபேசியும் ஒரு மதியப்பொழுதும் போதும், அதைப் படியெடுத்துவிடலாம். பெயர் மட்டும் மிஞ்சுவது ஓர் ஆலைக்குப் போதலாம். ஒரு நூலுக்குப் போதாது.